திண்டிவனத்தில் மைனஸ் 40 டிகிரி: பழைய காரின் கூலண்ட் சென்சாரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



கொஞ்ச நாளா உங்ககிட்ட இருந்து ஒரே மாதிரி மெசேஜ் நிறைய வருது. "ப்ரோ, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கினேன். செக் எஞ்சின் லைட் எரியுது. சென்சார் போயிடுச்சுன்னு சொன்னாங்க, மாத்தினேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் எரியுது. இப்ப என்ன பண்றது?"

இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம். எல்லா சென்சாரையும் ஒரே எபிசோடில் பேச முடியாது. அதனால ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கறேன்: கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். எஞ்சினைச் சுத்தி ஓடுற தண்ணியோட சூட்டை அளக்கிற சின்னப் பித்தளைத் துண்டு. விலை கம்மி, பெரும்பாலான சின்ன கார்களில் பானட்டைத் திறந்தா கைக்கு எட்டுற இடத்தில் இருக்கும், வண்டிக்குக் கீழே படுக்க வேண்டியதில்லை. முதல்முறை கை வைக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். ஸ்கேனரில் வர்ற கோடு, கம்ப்யூட்டர் எந்த இடத்தில் குழம்பியிருக்குன்னு சொல்லும். எந்தப் பார்ட் கெட்டிருக்குன்னு சொல்லாது. இந்த வித்தியாசம் தெரிஞ்சா பணம் மிச்சம். தெரியலைன்னா, ஒவ்வொரு பார்ட்டா மாத்திக்கிட்டே போவோம்.

காருக்குள்ள கம்ப்யூட்டர் எப்ப வந்துச்சு?

நம்ம அப்பா, சித்தப்பா காலத்து காரில் கார்புரேட்டர் இருந்துச்சு. காலையில் எஞ்சின் ஜில்லுன்னு இருந்தா சோக்கை இழுத்து விடுவாங்க. பெட்ரோல் கொஞ்சம் அதிகமா போகும், ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிடுவாங்க. எவ்வளவு சூடாயிருக்குன்னு முடிவு பண்றது மனுஷன்.

1998 செப்டம்பரில் ஹூண்டாய் சான்ட்ரோ வந்துச்சு. நம்ம ஊர் கார்தான், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செஞ்சது. வரும்போதே எம்பிஎஃப்ஐ. அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர், எவ்வளவு பெட்ரோல் போகணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். 1999 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ 1, யூரோ 2 விதிகளைக் கட்டாயமாக்கிச்சு. 2000 ஏப்ரலில் யூரோ 1-க்கு நிகரான விதி நாடு முழுக்க வந்துச்சு. அதோட கார்புரேட்டர் காரோட காலம் முடிய ஆரம்பிச்சுது.

சோக் போன இடத்தில் உட்கார்ந்ததுதான் இந்த கூலண்ட் சென்சார். "எஞ்சின் ஜில்லுன்னு இருக்கா, சூடா இருக்கா?" அப்படிங்கற கேள்விக்கு இப்போ பதில் சொல்றது இது. இது தப்பா சொன்னா கம்ப்யூட்டரும் தப்பா பெட்ரோல் கொடுக்கும்.

பழைய கார் வாங்குறவங்க கவனிக்க வேண்டிய இன்னொண்ணு இருக்கு. 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 விதி வந்தப்போ, அது முதல்ல 13 நகரங்களுக்கு மட்டும்தான். அதில் சென்னை உண்டு, விழுப்புரம் மாவட்டம் கிடையாது. மத்த ஊர்களுக்கு அந்த வருஷம் பிஎஸ் 3 தான் வந்துச்சு. நாடு முழுக்க பிஎஸ் 4 ஆனது 2017 ஏப்ரலில். ஓபிடி அப்படிங்கற சுய பரிசோதனை முறையை பிஎஸ் 4 காருக்குத்தான் கட்டாயமாக்கினாங்க: 2010-ல் முதல் கட்டம், 2013-ல் ரெண்டாம் கட்டம். அதனால 2012 மாடல் கார் ஒண்ணு சென்னையில் புதுசா பதிவாகணும்னா சட்டப்படி பிஎஸ் 4-ஆ இருக்கணும். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ அதே வருஷம் பதிவாகிற கார் பிஎஸ் 3-ஆவே இருக்கலாம். உங்க ஸ்கேனர் உங்க காரோட பேசலைன்னா ஸ்கேனரைத் திட்டாதீங்க. முதல்ல ஆர்சி புக்கை எடுத்துப் பாருங்க.

அந்தப் பித்தளைக்குள்ள என்ன இருக்கு?

ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற மின்தடை குறையும். பெரும்பாலான சின்ன கார்களில் கணக்கு ஏறக்குறைய இப்படி: 20 டிகிரியில் ரெண்டரை கிலோ ஓம் பக்கம், 40 டிகிரியில் ஒன்றேகால் கிலோ ஓம் பக்கம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம். உங்க காருக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

கம்ப்யூட்டர், அதாவது ஈசிஎம், தன்னுள்ள இருக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட்டை இந்த சென்சாருக்கு அனுப்பும். சென்சாரோட இன்னொரு கால் கிரவுண்டுக்குப் போகும். நடுவில் எவ்வளவு வோல்ட் நிக்குதுன்னு பார்த்து சூட்டைக் கணக்கு போடும். எஞ்சின் சூடா இருந்தா வோல்ட் கம்மி, ஜில்லுன்னு இருந்தா வோல்ட் அதிகம்.

நடுவில் ஒயர் அறுந்துட்டா? கிரவுண்டுக்குப் போக வழியே இல்லை. முழு 5 வோல்ட்டும் அப்படியே நிக்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது "ரொம்ப ரொம்ப ஜில்". ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரின்னு காட்டும். கோடு பி 0118, சிக்னல் அதிகம். ரெண்டு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டா வோல்ட் பூஜ்யம். "ரொம்ப ரொம்ப சூடு", 130 டிகிரிக்கு மேல காட்டும். கோடு பி 0117, சிக்னல் கம்மி.

ஏன் மைனஸ் 40? நம்ம ஐடி மக்களுக்கு இது பிடிக்கும். ஓபிடியில் கூலண்ட் சூடு ஒரே ஒரு பைட்டா வருது, 0 முதல் 255 வரை. அதிலிருந்து 40-ஐக் கழிச்சா டிகிரி. பூஜ்யம்னா மைனஸ் 40. நம்ம கோடில் மதிப்பே இல்லாத இடத்தில் பூஜ்யம் வந்து நிக்கும் பாருங்க, அதேதான். திண்டிவனத்தில் மே மாசம் மைனஸ் 40 டிகிரின்னு ஒரு ஸ்கேனர் சொன்னா, அது வானிலை அறிக்கை கிடையாது. "எனக்கு சென்சார் கிட்ட இருந்து ஒண்ணும் வரலை"ன்னு அர்த்தம்.

சித்தப்பா கார்

இப்ப ஒரு நிஜ வண்டி. என் சித்தப்பா திண்டிவனத்தில் இருக்கார். அவர்கிட்ட 2011 மாடல் சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒண்ணு இருக்கு. சென்னையில் பதிவான வண்டி, பிஎஸ் 4. சித்திக்கு போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் பலவீனமாயிடுச்சு. வாரம் ரெண்டு நாள் முண்டியம்பாக்கம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். பஸ் படி உயரம், அவங்களால ஏற முடியாது. அதனால இந்தக் கார் அவங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

கம்ப்ளெயின்ட் என்னன்னா, காலையில் வீட்டில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். ஜிஎஸ்டி ரோட்டில் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது செக் எஞ்சின் லைட் வரும். ரேடியேட்டர் ஃபேன் நிக்காம ஓடும். ஆஸ்பத்திரியில் நிறுத்திட்டு பத்து நிமிஷத்தில் திரும்ப எடுத்தா, செல்ஃப் சுத்தும், எஞ்சின் எடுக்காது. பெட்ரோல் வாசனை குப்புன்னு வரும். முக்கால் மணி நேரம் கழிச்சு எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

ஒரு கடையில் காட்டினார். அவங்க ஸ்கேன் பண்ணினாங்க, பி 0118 வந்துச்சு. சென்சாரை மல்டிமீட்டரில் பார்த்தாங்க, நல்லா இருக்கு. அப்ப ஈசிஎம் தான் போயிருக்கணும், 18,000 ரூபாய் ஆகும்னு சொல்லிட்டாங்க. சித்தப்பா எனக்கு போன் பண்ணினார்.

"தம்பி, பதினெட்டாயிரம் போட்டு இந்த வண்டியை வச்சுக்கணுமாடா? ஒரு புரோக்கர் எழுபதுக்குக் கேக்கறான். தள்ளிடலாம்னு பாக்கறேன்."

"வித்துட்டு என்ன சித்தப்பா பண்ணுவீங்க?"

"ஆட்டோதான். வேற என்ன?"

"இந்த சனி, ஞாயிறு மட்டும் பொறுங்க சித்தப்பா. நான் வர்றேன். பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அந்தக் கடையைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லலை. ஜில்லுன்னு இருக்கும்போது அளந்தா அது நல்ல சென்சார்தான். அவங்க அளந்தது சரி. ஆனா வண்டியோட பிரச்சனை சூட்டில் வருது, அளந்தது குளிரில். இதுதான் இடைவெளி.

நாங்க கேட்ட நாலு கேள்வி

முதல் கேள்வி: பிரச்சனை வர்ற நேரத்தில் கம்ப்யூட்டர் என்ன பார்க்குது? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஈஎல்எம் 327 ப்ளூடூத் அடாப்டரை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் சொருகி, போனில் ஒரு ஆப் போட்டு, கூலண்ட் சூட்டை லாக் பண்ண விட்டேன். சித்தப்பா ஓட்டினார், நான் பக்கத்து சீட். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கிப் போனோம். கிராஃப் அழகா ஏறுது: 60, 70, 80. அப்புறம் 84, மைனஸ் 40, 85, மைனஸ் 40, மைனஸ் 40. விக்கிரவாண்டி டோலில் நிக்கும்போது மைனஸ் 40-லயே உட்கார்ந்துடுச்சு.

ரேடியேட்டர் நிறைய இருக்கிற தண்ணி ஒரு நொடியில் 124 டிகிரி இறங்காது. அதனால இது தண்ணி, தெர்மோஸ்டாட் பிரச்சனை கிடையாது. கரண்ட் எங்கேயோ அறுந்து அறுந்து சேருது.

இப்ப அந்தப் பெட்ரோல் வாசனைக்கும் காரணம் புரியுது. பிழையை உறுதிப்படுத்த பல ஈசிஎம்கள் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுவரைக்கும் மைனஸ் 40-ஐ நம்பி, பனிக்கட்டி எஞ்சினுக்குக் கொடுக்கிற அளவு பெட்ரோலை சூடான எஞ்சினுக்கு ஊத்தும். பிளக் நனைஞ்சு போகும். பிழை உறுதியானதும் பாதுகாப்புக்காக ஃபேனை ஓட விட்டுடும். முக்கால் மணி நேரத்தில் சென்சார் ஆறினதும் இணைப்பு திரும்ப சேரும், வண்டி ஸ்டார்ட் ஆகும். மூணு அறிகுறிக்கும் ஒரே காரணம்.

இடையில் ஒரு டிப். இப்படி பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகி நின்னா, பல எம்பிஎஃப்ஐ கார்களில் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சா இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திடும், காத்து மட்டும் உள்ளே போய் ஈரம் காயும். எஞ்சின் எடுத்த உடனே காலை எடுத்துடுங்க.

ரெண்டாவது கேள்வி: ராத்திரி முழுக்க நின்ன வண்டியில் அளவு சரியா இருக்கா? ஞாயிறு காலை ஆறரை மணி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணிப் பார்த்தோம். உள்ளே போற காத்தோட சூடு 30, கூலண்ட் 31. ரெண்டும் வெளிச் சூட்டோட ஒத்துப்போகணும், ஒத்துப்போச்சு. குளிரில் எல்லாம் சரி.

மூணாவது கேள்வி: ஒயரும் ஈசிஎம்மும் ஒழுங்கா இருக்கா? 18,000 ரூபாய் கேள்வி இதுதான். சென்சார் கனெக்டரைக் கழட்டினோம். ஸ்கேனரில் மைனஸ் 40 வரணும், வந்துச்சு. சாவியை ஆஃப் பண்ணி, கனெக்டரில் சென்சாருக்கான ரெண்டு பின்னையும் ஒரு சின்ன ஒயரால் இணைச்சு, மறுபடி ஆன் பண்ணினோம். 130-க்கு மேல போகணும். 139 காட்டிச்சு. அதாவது ஒயர் ஈசிஎம் வரைக்கும் போகுது, கிரவுண்ட் இருக்கு, ஈசிஎம் சரியா படிக்குது. இணைச்ச ஒயர் அப்படியே இருக்க, ஒயரிங்கை அங்கங்கே பிடிச்சு ஆட்டிப் பார்த்தோம். எண் அசையலை. ஈசிஎம் மேல இருந்த சந்தேகம் அங்கேயே தீர்ந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் இந்த சென்சாருக்கு மூணு பின் இருக்கும். மூணாவது டாஷ்போர்டு மீட்டருக்குப் போகும். எது எதுன்னு மேனுவலில் பார்க்காம இணைக்காதீங்க. மத்த சென்சார்களில் இந்த வேலையே வேண்டாம். அங்கே நேரடி 5 வோல்ட் ஒயர் வரும், இணைச்சா ஈசிஎம்முக்கே ஆபத்து.

நாலாவது கேள்வி: சென்சார் சூட்டில் என்ன பண்ணுது? கழட்டி, பித்தளை முனை மட்டும் முழுகுற மாதிரி ஒரு டம்ளர் தண்ணியில் வச்சு, மல்டிமீட்டரை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா வெந்நீர் ஊத்தினோம். பக்கத்தில் சமையல் தெர்மாமீட்டர். 31 டிகிரியில் 1.6 கிலோ ஓம். 60-ல் 590 ஓம். 78 பக்கம் போனதும் மீட்டரில் ஓஎல். இணைப்பு அறுந்துடுச்சு. டம்ளரை ஆற விட்டோம், 70-க்குக் கீழே வந்ததும் எண் திரும்ப வந்துச்சு. மூணு தடவை பண்ணினோம், மூணு தடவையும் அதே கதை.

சித்தப்பா டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்தார். "இதுக்காடா வண்டியை விக்கப் பாத்தேன்?" அப்படின்னார்.

புது சென்சார் விழுப்புரத்தில் கிடைச்சுது, 650 ரூபாய்.

மாத்துறது எப்படி?

இப்ப வேலை. வரிசையா சொல்றேன்.

ஒண்ணு, எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும். ராத்திரி நிறுத்தி காலையில் தொடங்குறது நல்லது. சூடான எஞ்சினில் கூலண்ட் அழுத்தத்தில் இருக்கும், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம நிக்கும். மூடியைத் திறந்த நொடி அது நீராவியா மூஞ்சியில் அடிக்கும். "கொஞ்சம்தானே சூடா இருக்கு"ன்னு யாரும் திறக்காதீங்க.

ரெண்டு, சரியான பார்ட். கடையில் மாடல் பேர் மட்டும் சொல்லாதீங்க. சேசிஸ் நம்பர், பழைய பார்ட் ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே அளவு வேற இருக்கும். சென்னையில் இருக்கீங்கன்னா ஜிபி ரோட்டில் புது ஸ்பேர் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய பார்ட் நிறைய கிடைக்கும், கதவு, கண்ணாடி, பம்பருக்கு நல்ல இடம். சென்சாரை மட்டும் பழசா வாங்காதீங்க. புதுசா வாங்கினாலும் மாட்டுறதுக்கு முன்னாடி அதே வெந்நீர் டம்ளர் சோதனையைப் பண்ணிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

மூணு, பேட்டரியில் நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுங்க. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே இருக்கிற டிரெயின் வழியா ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கூலண்டை சுத்தமான பாத்திரத்தில் இறக்குங்க. சென்சார் இருக்கிற உயரத்துக்குக் கீழே தண்ணி மட்டம் வந்தா போதும். சென்சார் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கத்தில் இருக்கும்.

நாலு, கனெக்டர். பத்து வருஷம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி உடையும். பூட்டை முழுசா அழுத்தி, கனெக்டர் உடம்பைப் பிடிச்சு இழுங்க, ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. உள்ளே பச்சையா களிம்பு இருந்தா அதை முதல்ல சுத்தம் பண்ணுங்க. சில வண்டியில் பிரச்சனையே அதுவாத்தான் இருக்கும், சென்சாரை மாத்தவே வேண்டியிருக்காது.

அஞ்சு, கழட்டுறது. எங்க வண்டிக்கு 19 எம்எம் நீள பாக்ஸ் ஸ்பேனர் போதுமா இருந்துச்சு. ஹவுசிங் அலுமினியம், சென்சார் பித்தளை. அடம்பிடிச்சா முரட்டுத்தனம் வேண்டாம், துரு இளக்கும் ஸ்ப்ரே அடிச்சு கால் மணி நேரம் விடுங்க.

ஆறு, மாட்டுறது. புது வாஷர் அல்லது ஓரிங் கட்டாயம். முதல்ல கையால் திருகுங்க, கடைசி வரைக்கும் சுலபமா போகணும். அதுக்கப்புறம்தான் ஸ்பேனர், அதுவும் மேனுவலில் சொன்ன அளவுக்கு. அலுமினிய மரை போச்சுன்னா 650 ரூபாய் வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையா மாறிடும். தானா ஒரு டெஃப்லான் டேப் சுத்துறதும் வேண்டாம். சில ஒத்தை ஒயர் சென்சார்களுக்கு அந்த மரை வழியாத்தான் கிரவுண்டே போகுது.

ஏழு, தண்ணி. இறக்கின கூலண்ட் சுத்தமா இருந்தா திரும்ப ஊத்தலாம். குறைஞ்சா அதே வகைக் கூலண்ட், டிஸ்டில்டு வாட்டரோட. போர் தண்ணி வேண்டவே வேண்டாம். வீட்டு கெட்டிலில் வெள்ளையா படிஞ்சிருக்கே, அதேதான் ரேடியேட்டருக்குள்ளயும் படியும். கீழே சிந்தின கூலண்டை உடனே கழுவிடுங்க. அது விஷம், ஆனா இனிப்பா இருக்கும். நாய், பூனை நக்கும், குழந்தைங்க இருக்கிற வீடுன்னா இன்னும் கவனம்.

எட்டு, காத்து எடுக்கிறது. பேட்டரியை மாட்டுங்க. மூடியைத் திறந்து வச்சு, ஹீட்டரை ஹாட்டில் போட்டு, எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்க. குமிழ் வர்றது நின்னதும் மட்டத்தை நிரப்பி மூடியைப் போடுங்க. சென்சார் முனையில் காத்து மாட்டிக்கிட்டா, புது சென்சாரும் பொய் சொல்லும். அப்புறம் கோடை அழிச்சுட்டு, ஃபேன் ஒரு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் லைவ் டேட்டாவைப் பார்த்துக்கிட்டே இருங்க.

எங்களுக்கு காபி குடிச்ச நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அடுத்த பயணத்தில் கிராஃப் 90-ஐ ஒட்டியே நேர்கோடா போச்சு. ஆஸ்பத்திரியில் நிறுத்தி பத்து நிமிஷத்தில் எடுத்தோம், முதல் செல்ஃபில் ஸ்டார்ட். சித்தி பின்சீட்டிலிருந்து, "இப்பவே வீட்டுக்குப் போயிடலாமா? முக்கால் மணி நேரம் கதை பேசலாம்னு இருந்தேனே"ன்னு கிண்டல் பண்ணினாங்க.

மெக்கானிக்குக்கு ஏன் தெரியலை?

இதைக் கேட்டதும் "பாருங்க, மெக்கானிக்குங்க ஏமாத்துறாங்க"ன்னு கமெண்ட் போடாதீங்க. சின்ன ஊர் கடையில் ஒருத்தர் ஒரு நாளைக்கு பல வண்டி பார்க்கணும். என்னை மாதிரி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து லாக் எடுக்க அவருக்கு யாரும் காசு கொடுக்க மாட்டாங்க. பார்ட் மாத்தினா காசு உண்டு, கண்டுபிடிக்கிறதுக்கு நாம காசு கொடுக்கிறதில்லை. அப்ப அவர் எதைச் செய்வார்?

இன்னொரு பக்கமும் இருக்கு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிச்சுது. குற்றச்சாட்டு என்ன? ஒரிஜினல் ஸ்பேர், பரிசோதனைக் கருவி, தொழில்நுட்பத் தகவல் இதெல்லாம் வெளிக் கடைகளுக்குக் கிடைக்காத மாதிரி வச்சிருந்தாங்க. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனாங்க. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைச்சுது, அதோட பட்டியலில் காரும் உண்டு. ஆக, மேனுவல் ரோட்டோரக் கடைக்குக் கிடைக்கணும்ங்கறது பெரிய சண்டை. அது முடியற வரைக்கும் உங்க ஊர் அண்ணன் அனுபவத்தை வச்சுத்தான் வேலை பார்ப்பார்.

அதனால என் யோசனை இது. அவர்கிட்ட போகும்போது "சென்சார் மாத்துங்க"ன்னு போகாதீங்க. "அண்ணே, 80 டிகிரிக்கு மேல சிக்னல் அறுந்து போகுது, ஒயரை செக் பண்ணிட்டேன், இந்தாங்க லாக்"ன்னு போங்க. பார்த்துச் சொல்றதுக்கும் தனியா காசு தர்றேன்னு சொல்லுங்க. அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் செலவு கம்மி.

எல்லாத்தையும் வீட்டில் செய்யணும்னு இல்லை. ஏர்பேக், பிரேக் ஏபிஎஸ் சம்பந்தப்பட்டது, பெட்ரோல் லைனில் கை வைக்கிற வேலை, ஜாக்கியில் தூக்கிக் கீழே போகணும்ங்கற வேலை, இதெல்லாம் கடைக்கு. டெம்பரேச்சர் முள் நிஜமாவே சிவப்புக்குப் போனா ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணுங்க, அது சென்சாரா தண்ணியான்னு ஓட்டிக்கிட்டே ஆராயாதீங்க.

நாளைக்குக் காலையில்

கடைசியா ஒரு சின்ன வீட்டுப்பாடம். உங்க வீட்டில் பழைய கார் இருந்தா, லைட் எரியலைன்னாலும் பரவாயில்லை, நாளைக்குக் காலையில் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அடாப்டரைச் சொருகி ரெண்டு எண்ணை மட்டும் பாருங்க: கூலண்ட் சூடு, உள்ளே போற காத்தோட சூடு. ரெண்டுக்கும் நடுவில் ரெண்டு மூணு டிகிரிதான் வித்தியாசம்னா நிம்மதியா ஆபீஸ் கிளம்புங்க. பத்து, பதினைஞ்சு டிகிரி வித்தியாசம் இருந்தா, லைட் வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுடுச்சு. ஏன்னா கோடு வர்றது எண் எல்லையைத் தாண்டும்போதுதான். எல்லைக்குள்ளயே இருந்துக்கிட்டு பொய் சொல்ற சென்சாரை கம்ப்யூட்டர் பல நேரம் நம்பிடும். உங்க மைலேஜ் மட்டும் ஏன் குறையுதுன்னு தெரியாமலே குறையும்.

பார்த்த எண்ணை, கார் மாடலோட, ஊரோட எழுதி அனுப்புங்க. யாருக்காவது மைனஸ் 40 வந்திருந்தா அதை முதல்ல எடுத்துப் பேசலாம். அடுத்த வாரம் ஆக்சிஜன் சென்சார், அதுக்குக் கொஞ்சம் கெமிஸ்ட்ரி வேணும், தயாரா இருங்க.

பத்திரமா ஓட்டுங்க மக்களே.